மத்தியஸ்தம் – உத்திரமேரூர் முதல் பெங்களூர் வரை

"யாராவது பெரியவாளா ஒருத்தர் நடுவுல உட்கார்ந்து மத்தியஸ்தம் பண்ணி வையுங்கோ" என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் அநேகமாக இருக்க மாட்டார்கள். கல்யாணப் பேச்சில் சிக்கல், பாகப்பிரிவினையில் மனஸ்தாபம், கோவில் மரியாதையில் தகராறு என்று எது வந்தாலும் இரு தரப்புக்கும் வேண்டிய ஒருவரைத் தேடிப் போவது நம் வழக்கம். இன்று அதே வார்த்தை சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. 2023-ஆம் ஆண்டு மத்தியஸ்தத்துக்கென்றே பாராளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது.

"இதெல்லாம் நம் பாட்டனார் காலத்திலேயே இருந்ததுதானே, இதில் புதிதாக என்ன?" என்று அங்கத்தினர்கள் பலர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குச் சரித்திரத்தைச் சற்றே புரட்ட வேண்டும். பழைய மத்தியஸ்தத்துக்கும் புதிய மத்தியஸ்தத்துக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் நம் குடும்பங்களுக்கு, அதிலும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு, மிகவும் முக்கியமான ஒரு வித்தியாசம் அவற்றினிடையே இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். இரண்டு பேர் சண்டையை மூன்றாமவர் தீர்த்து வைக்கும் வழிகளை நாம் ஒன்றோடொன்று குழப்பிக் கொள்கிறோம். பஞ்சாயத்தார் இரு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்கிறார்கள். ஆர்பிட்ரேஷன் என்னும் நடுவர் முறையிலும் நடுவர் தீர்ப்புதான் சொல்கிறார். மீடியேஷன் என்கிற மத்தியஸ்தத்தில் நடுவில் இருப்பவருக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரமே கிடையாது. இரு தரப்பும் தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவி செய்வது ஒன்றுதான் அவர் வேலை. கன்ஸிலியேஷன் என்னும் சமரசமும் ஏறக்குறைய இதுவே. சமரசம் செய்பவர் "இப்படிச் செய்தால் என்ன?" என்று ஒரு யோசனையை எடுத்து வைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

உத்திரமேரூரின் மத்தியஸ்தன்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டுகளை நம் இதழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், அந்தப் பிரம்மதேய கிராமத்தின் சபை எழுதி வைத்த குடவோலை விதிகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலைச் சீட்டுகளைக் குடத்தில் இட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி தேர்வுக்கு நிற்க முடியாது.

இந்தக் கல்வெட்டில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. அவர்தான் 'மத்யஸ்தன்'. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது எதுவும் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்குவது மத்யஸ்தன். வாங்கும்போது ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கையில் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! பெயரை அவர் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கே கூடியிருக்கும் நம்பிமார்களும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். கடைசியில் அந்தச் சபைத் தீர்மானத்தை எழுதியவரும் ஒரு மத்யஸ்தன்தான். பெருமக்கள் பணிக்கத் தாம் எழுதியதாகத் தம் பெயரையும் பொறித்திருக்கிறார்.

அவர் இன்றைய அர்த்தத்தில் சண்டை தீர்த்து வைப்பவர் அல்ல, சபையின் பணியாளர். ஆனாலும் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே 'மத்யஸ்தன்' என்றால் முடிவெடுப்பவன் அல்ல, எடுக்கும் முடிவு நேர்மையாக நடப்பதற்குப் பொறுப்பானவன் என்ற கருத்து நம் மண்ணில் இருந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

வழக்குகளைத் தீர்த்தவர்கள் வேறு. யாக்ஞவல்க்ய ஸ்மிருதி குலம், சிரேணி, பூகம் என்று மூன்று மன்றங்களைச் சொல்கிறது. உறவினர் கூட்டம், ஒரே தொழில் செய்பவர்களின் சங்கம், ஊரில் வசிக்கும் பலதரப்பட்டவர்களின் கூட்டம் என்று இவற்றுக்குப் பொருள். அரசன் வரை போகாமல் பெரும்பாலான சச்சரவுகள் இங்கேயே தீர்ந்தன என்பது பெருமைக்குரிய விஷயம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? உத்திரமேரூரில் வாரியத்துக்கு நிற்க நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேத சாஸ்திரப் பயிற்சி வேண்டும், வயது வரம்பும் உண்டு. ஸ்திரீகளுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் அங்கே இடமில்லை. பெரியோர்கள் பேசித் தீர்த்தார்கள் என்று நாம் சொல்லும்போது, பேச முடியாமல் நின்றவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மன்றோவின் பஞ்சாயத்தும் காந்திஜியின் பாடமும்

கும்பினி ஆட்சியில் கோர்ட்டுகள் வந்தன. வந்த வேகத்திலேயே வழக்குகள் தேங்கின. இதைக் கண்ட தாமஸ் மன்றோ, பழைய கிராம முறைக்கு உயிர் கொடுக்க நினைத்தார். அவருடைய முயற்சியால் 1816-ல் சென்னை ராஜதானியில் கிராம முன்சீப்புகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் ஒழுங்குமுறைச் சட்டங்கள் பிறந்தன. ஆனால் பஞ்சாயத்து அவர் எதிர்பார்த்த அளவு பிரபலமாகவில்லை. ஜனங்கள் கோர்ட்டையே நாடினார்கள். ஊர்ப் பெரிய மனிதரிடம் நியாயம் கிடைக்காது என்று நினைத்த எளியவனுக்கு, முகம் தெரியாத ஜில்லா ஜட்ஜே தேவலை என்று பட்டிருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

தீர்ப்பு வேறு, தீர்வு வேறு என்பதைத் தம் தொழில் வாழ்க்கையின் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டவர் காந்திஜி. 1893-ல் அவர் தென்னாப்பிரிக்கா போனது தாதா அப்துல்லா, தையப் சேட் என்ற இரண்டு வியாபாரிகளின் வழக்குக்காக. இருவரும் உறவினர்கள். வழக்குச் செலவே இருவரையும் அழித்துவிடும் என்று கண்டு, நடுவரிடம் விடும்படி செய்தார் காந்திஜி. தீர்ப்பு தாதா அப்துல்லாவின் பக்கம் வந்தது. ஆனால் பிரச்னை தீர்ந்ததா? சுமார் 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் ஒரே தவணையில் கட்ட வேண்டுமென்றால் தையப் சேட் திவாலாக வேண்டியதுதான். காந்திஜி மீண்டும் இருவரிடமும் நடையாய் நடந்து, நீண்ட காலத் தவணைக்கு ஜெயித்தவரைச் சம்மதிக்க வைத்தார். நடுவர் தீர்ப்போடு வழக்கு முடிந்தது. சண்டை முடிந்தது இந்தத் தவணைப் பேச்சில்தான்.

காவேரி கற்பித்தது

நான் வசிக்கும் பொம்மசந்திரா, ஒசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறது. இன்னும் சிறிது தூரம் போனால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழ்நாடு. இங்கே இருக்கும் தமிழர்களுக்குக் காவேரிப் பிரச்னை பத்திரிகைச் செய்தி மாத்திரம் அல்ல. 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் பட்ட பாடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிக்கப்பட்டன. பஸ் போக்குவரத்து நின்று, கைக்குழந்தையும் மூட்டையுமாக ஜனங்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள்.

இந்த வழக்கின் பழைய அத்தியாயம் நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. மைசூர் சமஸ்தானம் கண்ணம்பாடியில் அணை கட்ட முற்பட்டபோது சென்னை ராஜதானி ஆட்சேபித்தது. 1913-ல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் நடுவராக நியமிக்கப்பட்டு, 1914-ல் தீர்ப்புக் கொடுத்தார். சென்னை ஏற்கவில்லை, லண்டன் வரை மேல்முறையீடு போனது, தீர்ப்பு நிற்கவில்லை. பிறகு இரு அரசுகளும் நேருக்கு நேர் பேசத் தொடங்கி, பல வருஷப் பேச்சுக்குப் பின் 1924 பிப்ரவரி 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணராஜ சாகரமும் எழுந்தது, மேட்டூர் அணையும் எழுந்தது. தீர்ப்பால் ஆகாதது பேச்சால் ஆயிற்று.

இதோடு நிறுத்தினால் கதை பாதிதான். பேச்சில் மைசூர் சமமான நிலையில் இல்லை, பிரிட்டிஷ் அரசின் கை ஓங்கியிருந்தது என்பது கர்நாடகத்தின் நெடுநாள் வாதம். தமிழகம் அதை ஏற்றதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்று சொல்லிவிடவில்லை. எது எப்படியோ, 'நான் சமமாக உட்கார்ந்து பேசவில்லை' என்ற எண்ணம் ஒரு பக்கம் தங்கிவிட்டால், ஒப்பந்தம் அரை நூற்றாண்டு ஓடினாலும் மனக்குறை பேரன் காலம் வரை ஓடுகிறது.

1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்றும், பெங்களூரின் குடிநீருக்குக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. என்றும் கணக்கு எழுதப்பட்டது. இடையில் 2003-ல் ஒரு நல்ல முயற்சி நடந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் எஸ். ஜனகராஜனின் முன்முயற்சியில், டெல்டா விவசாயிகளும் மாண்டியா விவசாயிகளும் 'காவேரிக் குடும்பம்' என்ற பெயரில் கூடிப் பேசினார்கள். ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர்ப் பங்கீட்டுக்கு அவர்களால் முடிவு காண முடியவில்லை. ஆனால் எதிர்த் தரப்பும் கடன்பட்ட விவசாயிதான் என்று கண்ணால் பார்த்தார்கள். மத்தியஸ்தத்தின் முதல் படி அதுதான்.

தொழிற்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம்

கோர்ட்டுகள் மத்தியஸ்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு வெகு காலம் முன்பே தொழிற்சாலைகளில் அது சட்டமாக இருந்தது. 1929-ஆம் வருஷத்திய தொழில் தகராறுச் சட்டமே சமரசத்துக்கு வழி செய்தது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் தொழில் மந்திரியாக இருந்த வி.வி. கிரி, பிற்காலத்தில் மத்திய மந்திரியாகவும் இருந்தபோது, முதலாளியும் தொழிலாளியும் தாங்களே பேசி முடிப்பதுதான் நிலைக்கும், கட்டாயத் தீர்ப்பு கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1947-ஆம் வருஷத்திய தொழில் தகராறுச் சட்டத்தின் சமரச அதிகாரி அந்த மரபில் வந்தவர். 2025 நவம்பரில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. சமரச அதிகாரி அதிலும் இருக்கிறார்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பர்ஸனல் பிரிவில் நான் பல வருஷங்கள் வேலை பார்த்தேன். தொழிற்சங்கத்தாரும் நிர்வாகமும் '12(3) ஒப்பந்தம்' என்று சொல்வோம். பழைய சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் அது. அதில் கையெழுத்துப் போட்ட சங்கத்தை மட்டுமல்லாமல், தொழிற்சாலையில் இருக்கும் எல்லாத் தொழிலாளிகளையும், நாளை சேரப் போகிறவர்களையும்கூட அது கட்டுப்படுத்தும். இவ்வளவு பலமுள்ள ஒப்பந்தத்தை உண்டாக்கும் அதிகாரிக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது. பேச்சு முறிந்தால், முறிந்தது என்று அரசுக்கு அறிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் ஒரு முறை சம்பளப் பேச்சு முறிந்து, இரண்டு வாரத்துக்கு மேல் வேலை நின்றது. கோரிக்கைகள் ஒரு பக்க நீளம். சமரச அதிகாரி எங்களை வெளியே அனுப்பிவிட்டு, சங்கத்துக்காரர்களிடம் தனியே ஒரு மணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "ரூபாய்க் கணக்கு இருக்கட்டும். வயதான தொழிலாளி ஒருவரை எல்லார் எதிரிலும் சூபர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசி, அவரையே சஸ்பெண்டும் செய்திருக்கிறீர்களாமே?" என்றார். அந்த விஷயம் கோரிக்கைப் பட்டியலில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இருந்தது. நிர்வாகம் சஸ்பென்ஷனை ரத்து செய்தது. மேலாளர் அந்தத் தொழிலாளியை நேரில் அழைத்துப் பேசினார். சம்பள வித்தியாசம் அன்று சாயங்காலமே தீர்ந்தது. பட்டியலில் இருப்பது ஒன்று, மனதில் இருப்பது ஒன்று என்பதை அந்த அதிகாரியிடம்தான் நான் கற்றேன்.

கோர்ட்டுக்குள் வந்த மத்தியஸ்தம்

அமெரிக்காவில் 1976-ல் நடந்த ஒரு நீதித்துறை மாநாட்டில் ஹார்வர்டு பேராசிரியர் ஃப்ராங்க் ஸாண்டர் ஒரு யோசனை சொன்னார். கோர்ட்டுக்கு ஒரே வாசல் எதற்கு, பல வாசல்கள் இருக்கட்டும்; எந்த வழக்குக்கு எந்த வாசல் பொருந்துமோ அதில் அனுப்பலாம் என்பது அவர் கருத்து. நம் அயல்நாடான இலங்கை 1988-லேயே மத்தியஸ்த சபைகளுக்குச் சட்டம் இயற்றி, ஊர்ப் பொதுமக்களிலிருந்து தொண்டு மனப்பான்மையுள்ளவர்களைப் பயிற்றுவித்து உட்கார வைத்தது.

இந்தியாவில் முதலில் லோக் அதாலத் வந்தது. 1982-ல் குஜராத்தின் ஊனாவில் நடந்த முகாமை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1987-ஆம் வருஷத்திய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995-ல் அமலுக்கு வந்து அதற்கு நிலையான அஸ்திவாரம் போட்டது. விபத்து நஷ்டஈடு, வங்கிக் கடன் போன்றவற்றுக்கு லோக் அதாலத் நல்ல வழி. ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான வழக்குகள் வரும் இடத்தில், அண்ணன் தம்பி மனஸ்தாபத்துக்கு உட்கார்ந்து பேச நேரம் ஏது?

பெரிய திருப்பம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. 1999-ல் திருத்தம் நிறைவேறி, 2002 ஜூலை 1 முதல் அமலாயிற்று. பேசித் தீர்க்க இடமிருக்கிறது என்று தோன்றும் வழக்கை மத்தியஸ்தம் முதலிய வழிகளுக்கு அனுப்ப கோர்ட்டுக்கு இது அதிகாரம் தந்தது. இந்தச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் முதன்மையானவர்கள் நம் சேலம் வக்கீல்கள் சங்கத்தார். நீதிமன்றம் திருத்தங்களைத் தள்ளவில்லை. அவற்றை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆராய நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழு தயாரித்த மாதிரி விதிகளை 2005 ஆகஸ்டுத் தீர்ப்பில் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் எடுத்துக் காட்டியது. ஆக, எதிர்த்துப் போட்ட வழக்கின் பெயரிலேயே இந்திய மத்தியஸ்தம் கால் ஊன்றியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் 'சேலம் கேஸ்' என்றே அதைப் படிக்கிறார்கள்.

அதே 2005-ல், ஏப்ரல் 9-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு மத்தியஸ்த மற்றும் சமரச மையம் தொடங்கியது. நாட்டில் கோர்ட்டோடு இணைந்த முதல் மத்தியஸ்த மையம் என்ற பெருமை அதற்கு உண்டு. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் பங்கு அதில் முக்கியமானது. பெங்களூர் மத்தியஸ்த மையம் 2007 ஜனவரியில், சித்தையா ரோட்டில் உள்ள நியாய தேகுலக் கட்டடத்தில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஆதரவில் ஆரம்பமாயிற்று. 'தேகுல' என்றால் கன்னடத்தில் கோவில். பயிற்சி பெற்ற வக்கீல்கள் அங்கே மத்தியஸ்தர்களாக உட்காருகிறார்கள். மத்தியஸ்தருக்கு 40 மணி நேரப் பயிற்சி என்பது உச்ச நீதிமன்றத்தின் மத்தியஸ்தக் குழு வகுத்த அளவு.

2010-ல் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் ஒரு முக்கியமான தீர்ப்பை எழுதினார். அவர் முன்பு கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். 89-ஆம் பிரிவை எழுதியவர்கள் இரண்டு விளக்கங்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டதைக் காட்டி, அதைச் சரியாகப் படிக்கும் வழியைச் சொன்னார். எந்த வழக்குகள் பேசித் தீர்க்கத் தக்கவை என்றும் பட்டியலிட்டார். பாகப்பிரிவினை, கணவன் மனைவி தகராறு, அக்கம்பக்கத்துச் சண்டை, வீட்டுச் சொந்தக்காரர் – வாடகைதாரர் விவகாரம், வியாபாரப் பங்குதாரர் சண்டை எல்லாம் அதில் அடங்கும். உயில் நிரூபணம், கடுமையான மோசடிக் குற்றச்சாட்டு, கிரிமினல் குற்றம் போன்றவை அடங்கா.

உள்ளே என்ன நடக்கிறது?

மத்தியஸ்தர் முதலில் இரு தரப்பையும் சேர்த்து உட்கார வைத்து, தாம் ஜட்ஜ் அல்ல என்று விளக்குகிறார். ஒவ்வொருவரும் குறுக்கீடு இல்லாமல் தம் கதையைச் சொல்கிறார்கள். பிறகு தனித்தனி அமர்வு. அங்கே சொல்லும் ரகசியத்தை, சொன்னவர் அனுமதியில்லாமல் மற்றவரிடம் அவர் சொல்லக் கூடாது. உடன்பாடு வந்தால் எழுத்தில் கையெழுத்து. வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையில் 'உடன்பாடு ஏற்படவில்லை' என்பது மட்டுமே இருக்க வேண்டும். யார் என்ன விட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தார் என்று ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எந்த நிமிஷமும் எழுந்து போகும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு லாபம் கோர்ட் கட்டணம். 89-ஆம் பிரிவின் வழியில் தீர்ந்த வழக்குக்குக் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பாமல் இரு தரப்பும் தாங்களாகவே வெளியே பேசித் தீர்த்துக் கொண்டாலும் இது பொருந்தும் என்று, தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த முறையின் எல்லை எது என்பதையும் நாடு பார்த்தது. 2019 மார்ச் 8-ல் அயோத்தி வழக்கை உச்ச நீதிமன்றம் மூவர் குழுவிடம் மத்தியஸ்தத்துக்கு அனுப்பியது. நீதிபதி எஃப்.எம்.ஐ. கலிஃபுல்லா, பாபநாசத்தில் பிறந்து பெங்களூரில் ஆசிரமம் அமைத்த ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், ஸ்ரீராம் பஞ்சு ஆகிய மூவரும் தமிழ் மண்ணோடு தொடர்புடையவர்கள். சில மாதங்கள் பேசியும் உடன்பாடு ஏற்படாமல், ஆகஸ்டில் விசாரணை தொடங்கி, நவம்பர் 9-ல் தீர்ப்பு வந்தது. பல லட்சம் பேருடைய நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயத்தில், உள்ளே உட்கார்ந்த சிலர் ஒப்புக்கொண்டால் வெளியே இருப்பவர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டதாகுமா என்ற கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது.

2018-ல் வணிக நீதிமன்றச் சட்டம் திருத்தப்பட்டு, அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்குகளுக்கு முதலில் மத்தியஸ்தம் என்று ஆயிற்று. அது கட்டாயமே என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 செப்டம்பரில் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற மத்தியஸ்தச் சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே செய்துகொண்ட மத்தியஸ்த உடன்பாட்டுக்கும் கோர்ட் டிக்ரியின் பலத்தைக் கொடுக்க வழி வகுக்கிறது. முடிக்க 120 நாள். இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் 60 நாள். சட்டத்தின் சில பிரிவுகள் 2023 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ஒரு வட்டாரத்தின் அமைதியைப் பாதிக்கும் தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட சமூக மத்தியஸ்தக் குழுவையும் சட்டம் சொல்கிறது. அந்த உடன்பாட்டுக்கு மட்டும் டிக்ரியின் பலம் கிடையாது.

தங்கையின் கையெழுத்து

இப்போது ஆரம்பத்தில் சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் பெரியப்பாவோ மாமாவோ மத்தியஸ்தம் செய்த பாகப்பிரிவினைகள் அநேகம். அவற்றில் எத்தனையில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து பேசினார்கள்? "உனக்குக் கல்யாணத்துக்கே நிறையச் செய்தாச்சு, அண்ணாவோட நல்லபடியா இருக்கணுமோன்னோ" என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கிய கதைகள் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சண்டை வரவில்லை என்பது உண்மை. ஆனால் அதைச் சமாதானம் என்று சொல்ல முடியாது.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலும் கர்நாடகம் 1994-லும் கொடுத்தன. ஆனால் அதற்குள் கல்யாணமான பெண்களுக்கு அந்தச் சட்டங்கள் பொருந்தவில்லை. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டமே திருத்தப்பட்டு, அந்தத் தடை நீங்கியது. திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சந்தேகமறச் சொல்லிவிட்டது. தன் உரிமை எவ்வளவு என்று தெரிந்து உட்கார்பவளிடம்தான் நியாயமாகப் பேச முடியும். தெரிந்தே அவள் விட்டுக் கொடுத்தால் அது பெருந்தன்மை. தெரியாமல் கொடுத்தால் அதற்கு வேறு பெயர்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அவர்கள் அனுமதியுடன், அடையாளம் சொல்லாமல் எழுதுகிறேன். தஞ்சை ஜில்லாவில் ஒரு அக்ரஹாரத்து வீடு. அண்ணன் பெங்களூரில், தம்பி அமெரிக்காவில், தங்கை மும்பையில். வீட்டை விற்பதில் தகராறு. ஆறு வருஷம் வழக்கு. வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. தனி அமர்வில் வெளிவந்தது வேறு. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினொரு வருஷம் தானும் மனைவியும் பார்த்துக் கொண்டதை உடன்பிறந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அண்ணனின் தாபம். அம்மா கடைசி நாட்களில் இருந்தபோது தன்னை யாரும் முன்னதாக அழைக்கவில்லை என்பது தங்கையின் துக்கம். அப்பாவின் பஞ்சாயதன பூஜை தனக்கு வர வேண்டும் என்று தம்பி மனதில் ஆசை, கேட்கக் கூச்சம். வழக்கு மனுவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

வீடு விற்றது; பணம் மூன்று சம பாகம். அம்மாவின் வைத்தியச் செலவைத் தங்கையும் தம்பியும் தாங்களாகவே அண்ணனுக்குக் கழித்துக் கொடுத்தார்கள். அம்மாவின் ஒட்டியாணம் தங்கைக்கு. பூஜை தம்பியோடு ஸான் ஹோஸே போயிற்று. எந்த ஜட்ஜும் இப்படித் தீர்ப்பு எழுத முடியாது. சட்டம் அவருக்கு இடம் கொடுக்காது. நம் பெரியப்பாக்களும் எழுதியிருக்க மாட்டார்கள். தங்கையைத் தனியே கூப்பிட்டு அவள் மனதில் என்ன என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை

நம் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. பிள்ளைகள் உலகெங்கும் இருப்பதால் நம் குடும்பத் தகராறுகளுக்கும் பல ஊர் முகவரி. ஆகவே சில யோசனைகளை அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, சங்கம் தீர்ப்பு சொல்லும் பஞ்சாயத்தாக ஆகக் கூடாது. நம்மில் ஓய்வு பெற்ற நீதிபதிகள், வக்கீல்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள் ஏராளம். அவர்களில் விருப்பமுள்ளவர்கள் முறையான 40 மணி நேரப் பயிற்சி பெறட்டும். அந்தப் பட்டியலில் பாதிப் பேராவது பெண்மணிகளாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பேச உட்காருமுன் ஒவ்வொருவரும் தம் உரிமை என்னவென்று தனியே ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும். முடிவானதை எழுத்தில் வைத்து, ஸ்தாவர சொத்தானால் பத்திரப் பதிவு பற்றியும் விசாரித்துக் கொள்வது அவசியம்.

மூன்றாவது, அடி உதை, மிரட்டல் நடந்த வீட்டில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது மத்தியஸ்தம் ஆகாது. அங்கே முதலில் வேண்டியது அவளுடைய பாதுகாப்பு.

நான்காவது, நம் முதியவர்களுக்காக. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி மனு கொடுத்தால், தீர்ப்பாயம் விசாரணைக்கு முன் அதைச் சமரச அதிகாரியிடம் அனுப்பலாம். அவர் ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். பிள்ளையைக் கோர்ட்டில் நிறுத்த மனம் வராமல் கஷ்டப்படும் தாய் தந்தையருக்கு இந்த வழி இருப்பது தெரியாமலே இருக்கிறது. கிளைக் கூட்டங்களில் இதை எடுத்துச் சொன்னால் புண்ணியம் உண்டு.

உத்திரமேரூர் சபை தன் மத்யஸ்தனை ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னது, அவனை நம்பாததால் அல்ல. பார்ப்பவர்கள் எல்லாருக்கும் நம்பிக்கை வர வேண்டும் என்பதால். நம் குடும்பங்களில் நடுவில் உட்காருகிறவர்களிடமும் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இது பற்றி அனுபவமுள்ள அங்கத்தினர்கள் தங்கள் கருத்துகளை எழுதினால் அடுத்த கிளைக் கூட்டங்களில் விவாதிக்க உதவியாக இருக்கும். கோர்ட்டில் நிலுவையில் உள்ள குடும்ப வழக்கு யாருக்காவது இருந்தால், அடுத்த வாய்தாவுக்கு முன் தங்கள் வக்கீலிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சொல்லி மனு போடலாமா?" கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.